நம்ம காரியத்தை நாமே பேசுவோம்

ஆபீஸிலும் கூட்டத்திலும் நேர்முகப் பரீட்சையிலும் பேசுவது எப்படி?



பீலிக்கரையில் நம்மவர்கள் பேசுவதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். யாருடைய மாடு யாருடைய மரக்கறித் தோட்டத்தில் மேய்ந்தது, எந்தத் தேதியில் மேய்ந்தது, அதை யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு சொல்லும் பிசகாமல் எடுத்துச் சொல்வார்கள். காமன் கூத்திலே விடிய விடியப் பாட்டும் வசனமும் மனப்பாடமாக வரும். கலியாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் நம் சனம் பேச்சுக்குப் பஞ்சப்பட்டதே கிடையாது.

ஆனால் அதே ஆள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "ஒண்ணுமில்லீங்க ஐயா, அப்புறமா வாரேன்" என்று சொல்லித் திரும்பி விடுகிறார். லயத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான், "அப்படிக் கேட்டிருக்கணும், இப்படிச் சொல்லியிருக்கணும்" என்று எல்லாம் ஞாபகம் வருகிறது. அதற்குள் அரை நாள் வேலை போய்விட்டது. காரியமும் நடக்கவில்லை.

ஆகவே, நமக்குப் பேச வராது என்பது உண்மையல்ல. இடம் மாறியதும் பேச்சு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இந்தக் குறையைப் பழக்கத்தால் தீர்க்கலாம். எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஏன் வாய் அடைத்துப் போகிறது?

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்தில் நமக்காகப் பேசுவதற்கு வேறு ஒருவர் இருந்து வந்திருக்கிறார். துரையிடம் பேசுபவர் கங்காணி. துரை சொன்னதை நமக்கு வந்து சொல்பவரும் அதே கங்காணிதான். இடையில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. பின்னாளில் கணக்கப்பிள்ளை, தலைவர், தரகர் என்று ஆட்கள் மாறினார்கள். நமக்காக இன்னொருவர் பேசும் பழக்கம் மட்டும் முழுதாக மாறவில்லை.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களும் நம் மலைகளில் இருந்தார்கள். கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டு ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாதிருந்த நாட்களில், புடவை வியாபாரியைப் போல் வேடம் பூண்டு வந்து தொழிலாளரைச் சந்தித்துப் பேசியவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரின் துயரத்தை எடுத்துச் சொன்னார். பெண்கள் மேடை ஏறுவது அரிதாக இருந்த காலத்தில் அவர் அதைச் செய்தார்.

தொழிற்சங்கம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. சம்பள உயர்வைத் தனியொருவர் போய்க் கேட்டு வாங்க முடியாது. கூட்டாகக் கேட்பதைக் கூட்டாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பிழை, சேமலாப நிதியில் ஒரு பெயர் மாறாட்டம், மகளின் வேலைக்கான நேர்முகப் பரீட்சை, வீட்டில் ஒருவருக்கு நோய் என்பவை எல்லாம் நம் சொந்தக் காரியங்கள். அவற்றின் விவரம் நம்மைப் போல வேறு யாருக்கும் தெரியாது. அவற்றை நாமே பேசப் பழகிக்கொள்ள வேண்டும்.

நாலே நாலு விடயம்

எந்த இடத்தில் பேசினாலும் சரி, போகும் முன்பு நாலு கேள்விக்கு நாமே பதில் தயார் செய்துகொள்ள வேண்டும்.

1. நான் யார்?
2. என்ன நடந்தது?
3. அதற்கு என்ன ஆதாரம்?
4. எனக்கு என்ன வேண்டும்?

இந்த நாலில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது கடைசிக் கேள்விதான். கஷ்டத்தை எல்லாம் சொல்லுவோம், கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பி விடுவோம். உதாரணத்துக்கு, ஒரு தொழிலாளி சம்பளக் குறைவு பற்றி ஆபீஸில் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஐயா, போன மாசம் சம்பளம் கொறஞ்சு போச்சுங்க. மழையில நனைஞ்சு கஷ்டப்பட்டு வேலை செய்றோம். பிள்ளைக படிக்குதுங்க. கடைக்காரரும் கடன் தரமாட்டேங்கிறாரு. எப்பப் பார்த்தாலும் எங்களுக்குத்தான் இப்படி நடக்குது."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் இதைக் கேட்ட கிளாக்கர் ஐயா எந்தப் புத்தகத்தைத் திறப்பது? எந்தத் தேதியைப் பார்ப்பது? "சரி, பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இனி இதே விடயத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்போம்:

"வணக்கம் ஐயா. நான் மேல் டிவிசன், செக்ரோல் நம்பர் 214. போன மாசம் 23 நாள் வேலைக்கு வந்தேன். சம்பளத் துண்டுல 21 பேர்தான் விழுந்திருக்கு. 12ஆந் தேதியும் 13ஆந் தேதியும் விடுபட்டிருக்கு. அந்த ரெண்டு நாளும் 7ஆம் நம்பர் மலையில கொழுந்து எடுத்தேன். நிறுத்துக் குறிச்ச அட்டை இந்தா இருக்கு. செக்ரோலைப் பார்த்து அந்த ரெண்டு பேரையும் சேர்த்துத் தரணும்."

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நம்பர் இருக்கிறது, தேதி இருக்கிறது, மலை இருக்கிறது, கையில் அட்டை இருக்கிறது, கேட்பது என்ன என்பதும் இருக்கிறது. கேட்பவர் இனிப் புத்தகத்தைத் திறந்துதான் பதில் சொல்ல முடியும். குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

கேட்பதும் பேச்சில் பாதி

பேசத் தெரிந்தவர் என்றால் நிறையப் பேசுபவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மற்றவர் சொல்வதைச் சரியாகக் கேட்டு வாங்குவதும் பேச்சுத் திறமையே.

ஆபீஸிலோ ஆஸ்பத்திரியிலோ ஒருவர் நமக்கு ஏதாவது சொன்னால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுவது நம்மிடம் உள்ள ஒரு பழக்கம். அதற்குப் பதிலாக, அவர் சொன்னதை நம் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும்: "அப்ப நான் வெள்ளிக்கிழமை காலையில, அடையாள அட்டையோட ரெண்டு போட்டோக் கொப்பியும் கொண்டு வரணும். சரிதானுங்களா ஐயா?"

இப்படிக் கேட்டால் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பஸ் காசு கொடுத்து மூன்று முறை அலைவது மிச்சமாகும். பிறகு, பேசிய உத்தியோகத்தரின் பெயர், தேதி, அவர் சொன்ன விடயம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் அன்று மாலையே சொல்லி எழுதி வைக்கலாம். அடுத்த முறை போகும்போது "போன மாசம் 6ஆந் தேதி இந்த ஐயாவைப் பார்த்தேன், இப்படிச் சொன்னாரு" என்று தொடங்கலாம். தொலைபேசியில் பேசினாலும் இதே முறைதான்.

மரியாதை வேறு, பயம் வேறு. "ஐயா", "சேர்", "மிஸ்" என்று அழைப்பது மரியாதை. "சாமி" என்று கும்பிட்டு நிற்பது பழைய காலத்துப் பயம். நிமிர்ந்து நின்று, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும்.

சில வேளை எதிரில் இருப்பவர் எரிந்து விழுவார். நாமும் எரிந்து விழுந்தால் பேச்சு நம் காரியத்தை விட்டு நம் குணத்தின் மேல் போய்விடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சொன்ன வசனத்தையே மறுபடியும் அதே குரலில் சொல்லுங்கள்: "ஐயா, 12ஆந் தேதியும் 13ஆந் தேதியும் ரெண்டு பேர் விடுபட்டிருக்கு. எப்ப வந்து பார்க்கட்டும்?"

இன்னுமொன்று. விளங்காத கடதாசியில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். "இதைத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க ஐயா, கேட்டுட்டுக் கையெழுத்து வைக்கிறேன்" என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் மேல் ஒரு குற்றம் சாட்டி விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியே போய்ப் பேச வேண்டாம். முதலில் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

அரசாங்கக் கந்தோரில்

தோட்டத்து ஆபீஸை விடப் பிரதேச செயலகமும் தொழில் அலுவலகமும் நம்மவர்களுக்குக் கூடுதலான பயத்தைத் தருகின்றன. அங்கே சிங்களத்தில் பேசுவார்களே என்பதுதான் முதற் பயம்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று ஆக்கியது. அடுத்த ஆண்டில் வந்த 16ஆவது திருத்தத்தின்படி, அரச உத்தியோகத்தருடன் தமிழில் பேசவும், எழுதவும், பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. எல்லாக் கந்தோரிலும் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டால், இல்லை என்பதே அனுபவம். இருந்தாலும் உரிமை நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து பேசுபவரின் குரல் நடுங்காது.

அதோடு நாலு சிங்கள வசனங்களையும் மனப்பாடம் செய்துகொண்டால் வழி இலேசாகும்:

"தெமள தன்ன கெனெக் இன்னவத?" – தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?
"கருணாகரலா ஹெமின் கியன்ன." – தயவு செய்து மெதுவாகச் சொல்லுங்கள்.
"மட்ட தேருனே நே." – எனக்கு விளங்கவில்லை.
"மேக்க லியலா தென்ன." – இதை எழுதித் தாருங்கள்.

கடைசி வசனம் மிகவும் உபயோகமானது. எழுதி வாங்கிய துண்டை யாரிடமாவது காட்டி விளங்கிக்கொள்ளலாம்.

கந்தோருக்குப் போக வேண்டிய ஒரு முக்கியமான காரியத்தைப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கிறார்கள். தோட்டம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம் கட்ட வேண்டும். பல வருட உழைப்பு அந்தப் பணத்தில் இருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கூப்பிடும் பெயர் என்று மூன்று விதமாக இருப்பதால், பணம் எடுக்கப் போகும்போது அலைக்கழிபவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது எடுக்கலாம். அந்த வயது வரும் வரை காத்திராமல் இப்போதே போய் இப்படிக் கேளுங்கள்:

"ஐயா, என்னோட அங்கத்துவ இலக்கம் இது. அடையாள அட்டையில முத்துலெட்சுமின்னு இருக்கு. நிதியில லெட்சுமின்னு பதிஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு காட்ட என்னென்ன பத்திரம் கொண்டு வரணும்? எந்தப் படிவம் நிரப்பணும்?"

"என்ன செய்யிறதுன்னு தெரியல்லீங்க" என்று சொல்வதை விட, "என்ன பத்திரம், எந்தப் படிவம், எத்தனை நாள்" என்று கேட்பது நல்லது. கேள்வி திட்டமாக இருந்தால் பதிலும் திட்டமாக வரும்.

பணிக்கொடை என்கிற சேவைக்காலப் பணத்தையும் இப்படித்தான் கேட்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 5 வருடம் அல்லது அதற்கு மேல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் என்று கணக்குப் போட வேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே "எனக்குச் சேர வேண்டியதைப் பார்த்துக் குடுங்க ஐயா" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "28 வருசம் சேவை. 14 நாள் கணக்குல எவ்வளவு வருது? எந்தத் தேதியில கிடைக்கும்?" என்று கேட்கலாம்.

எழுதத் தெரியாதவர்களுக்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச நிறுவனம் ஒன்றில் நமக்கு வேண்டிய தகவலை எழுதிக் கேட்க முடியாதவர் வாயாலேயே கேட்கலாம். அங்குள்ள தகவல் உத்தியோகத்தர் அதைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் பேசும்போதும் விவரம்தான் முக்கியம். "மேலெல்லாம் வலிக்குதுங்க" என்பதோடு நிறுத்தக் கூடாது. எங்கே வலி, எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, இதுவரை என்ன மருந்து குடித்தோம் என்று நாலையும் சொல்லுங்கள். பழைய மருந்துத் துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

கூட்டத்தில்

தோட்டத்தில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் திருவிழாக் கூட்டம் என்று எத்தனையோ நடக்கின்றன. அவற்றில் பேசுபவர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு பேர்தான் ஒவ்வொரு முறையும் பேசுகிறார்கள். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். கூட்டத்தில் அவர்கள் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர், மலசலகூடம், பிள்ளைக் காம்பரா பற்றிய முடிவுகளை, தண்ணீர் தூக்காதவர்கள் எடுத்துவிடுகிறார்கள்.

கூட்டத்தில் பேச விரும்புபவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

முதலாவது, முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் இருந்து எழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பாதித் தைரியம் அதிலேயே போய்விடும்.

இரண்டாவது, ஒரு கூட்டத்தில் ஒரு விடயம் மட்டும் பேசுங்கள். தண்ணீரில் தொடங்கிக் கூரைத் தகரம், ரோடு, கோயில் கணக்கு என்று போனால் ஒன்றும் யார் மனதிலும் நிற்காது.

மூன்றாவது, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுவில் தடுமாறினாலும் பரவாயில்லை.

நான்காவது, நீங்கள் பேசியதும் "ஆமா, அதுதான் எங்க கருத்தும்" என்று சொல்ல இரண்டு பேரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஒரு தாய் இப்படிப் பேசலாம்:

"தலைவருக்கும் எல்லாருக்கும் வணக்கம். நான் மூணாம் நம்பர் லயத்துல இருக்கிறேன். எங்க லயத்துல 12 காம்பரா, 12 குடும்பத்துக்கும் ஒரே பைப்பு. காலையில 5 மணியில இருந்து 6 மணி வரைக்கும்தான் தண்ணி வருது. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சமைச்சு, பெரட்டுக்குப் போக ஏலாம இருக்கு. போன ரெண்டு கூட்டத்துலயும் பார்ப்போம்னு சொன்னாங்க. இந்த மாசத்துக்குள்ள ரெண்டாவது பைப்பு ஒண்ணு போட முடியுமா, முடியாதா? யார் பொறுப்பு? இதைக் கூட்ட அறிக்கையில எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொள்றேன்."

ஒரு நிமிடம்கூட ஆகாது. யாரையும் திட்டவில்லை. ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த விடயத்துக்குப் போக முடியாது. "அறிக்கையில் எழுதுங்கள்" என்ற வசனத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் சென்ற கூட்ட அறிக்கையை வாசிக்கும்போது உங்கள் பேச்சு மறுபடியும் எழுந்து வரும்.

தலைமை தாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் எழும்ப மாட்டார்கள். "பின்னால இருக்கிற அக்கா, உங்க லயத்துல எப்படி?" என்று ஆளைப் பார்த்துக் கேளுங்கள். ஒருவர் தடுமாறும்போது சிரிக்க இடம் கொடுக்காதீர்கள். ஒரு முறை சிரிப்புக்கு ஆளானவர் மறுமுறை வாய் திறக்க மாட்டார்.

நேர்முகப் பரீட்சையில்

நம் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெறுகிறார்கள், ஆசிரியராகிறார்கள், கந்தோர்களில் வேலை செய்கிறார்கள். சாதாரண தரத்தோடு நின்றவர்களும் தொழிற்பயிற்சிக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ, கொழும்புக் கடைக்கோ விண்ணப்பிக்கிறார்கள். "ஆள் பிடிச்சாத்தான் வேலை, பேசி என்ன பிரயோசனம்?" என்று பெற்றோர் சிலர் சொல்வதுண்டு. ஆள் பிடிப்பது நாட்டில் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆள் பிடிக்காத இடத்திலும் நம் பிள்ளை வாய் திறக்காமல் வேலையை இழந்தால், அந்த நட்டம் நம்முடையதுதான்.

போகும் முன்பு: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் நிழற் பிரதிகளையும் ஒரே கோவையில் வரிசையாக அடுக்குங்கள். மலைநாட்டில் மழை, மண்சரிவு, பஸ் தாமதம் எல்லாம் உண்டு. முதல் பஸ்ஸிலேயே புறப்படுங்கள். வெகு தூரமென்றால் முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது.

உள்ளே போனதும்: வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். கேள்வியை முழுதாகக் கேட்டு, ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லுங்கள்.

முதற் கேள்வி பெரும்பாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். இதற்குத்தான் பலர் திகைக்கிறார்கள். பெயர், ஊர், படிப்பு, செய்த வேலை, இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்று ஐந்து வசனம் போதும்.

ஊர் என்றதும் ஒரு விடயம். நம் பிள்ளைகள் சிலர் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "ஹட்டன்", "பதுளை" என்று பட்டணத்தின் பெயரை மட்டும் சொல்வார்கள். "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் தலை குனிந்துவிடுவார்கள். பிள்ளைகளே, ஏன் குனிய வேண்டும்? "அப்பா தோட்டத் தொழிலாளி. அம்மா கொழுந்து எடுக்கிறார். அவர்கள் உழைப்பில்தான் நான் உயர்தரம் வரை படித்தேன்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவரின் பேச்சில் தடுமாற்றம் இருக்காது. விண்ணப்பத்தில் விலாசம் எப்படியும் எழுதியிருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்ததையே தகுதியாகவும் எடுத்துச் சொல்லலாம். "முன்அனுபவம் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். "சம்பளத்துக்கு வேலை செய்த அனுபவம் இல்லை. ஆனால் எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு 2 வருடம் கணக்கு எழுதினேன். மாலையில் 15 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். தமிழும் சிங்களமும் பேசுவேன்" என்று சொல்லலாம். செய்ததை மட்டும் சொல்லுங்கள். இல்லாததைச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள்.

தெரியாத கேள்வி வந்தால்: "அது எனக்குத் தெரியாது சேர். ஆனால் சொல்லித் தந்தால் பழகிக்கொள்வேன்." இது நல்ல பதில். மேலே பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பது நல்ல பதிலல்ல.

ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் பயப்பட வேண்டாம். உங்களைப் பற்றிய ஐந்து வசனங்களையும் ஆங்கிலத்திலும் எழுதி மனப்பாடம் செய்து வையுங்கள். அதற்கு மேல் போனால் "மே ஐ ஆன்சர் இன் டமில், ப்ளீஸ்?" என்று கேட்டு அனுமதி வாங்கித் தமிழில் பதில் சொல்லுங்கள்.

"தூரத்தில் இருந்து தினமும் எப்படி வருவீர்கள்?" என்பது நம் பிள்ளைகளிடம் தவறாமல் கேட்கக்கூடிய கேள்வி. பஸ் நேரத்தையோ, தங்கப் போகும் இடத்தையோ முதலே விசாரித்து வைத்திருந்தால் தடங்கல் இல்லாமல் பதில் சொல்லலாம்.

முடிவில் "நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்பார்கள். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் என்ன, சேமலாப நிதி கட்டுவார்களா, தங்குமிடம் உண்டா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. வீட்டை விட்டுத் தூரம் போகும் பெண்பிள்ளைகள் இவற்றைக் கேட்காமல் ஒருபோதும் வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது.

வீட்டிலேயே பழகலாம்

இதற்கென்று காசு கட்டி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் ஒதுக்கினால் போதும்.

• பிள்ளைகள் ஒரு தமிழ்ப் பத்திரிகைச் செய்தியை உரத்து வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் பத்திரிகையை மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று மூன்று வசனத்தில் சொல்லட்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் செய்தி போய்ச் சேரும்.

• அப்பா கிளாக்கராக இருக்கட்டும், அம்மா வேலை கேட்டு வந்தவராக இருக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். சிரிப்பு வரும். வரட்டும். வீட்டில் சிரித்துப் பழகியது வெளியில் கை கொடுக்கும்.

• கையில் தொலைபேசி உள்ளவர்கள் தங்கள் பேச்சைப் பதிந்து கேட்டுப் பாருங்கள். வேகமாகப் பேசுகிறோமா, வசனத்தின் கடைசியை விழுங்குகிறோமா என்பது அப்போதுதான் தெரியும்.

• ஒரு வீட்டுக் கொப்பி வையுங்கள். முதற் பக்கத்தில் செக்ரோல் நம்பர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இலக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் எந்தத் தேதியில் யாரிடம் என்ன பேசினோம் என்பதை எழுதி வாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை ஏதாவது கேள்வி கேட்டால் "வாயை மூடு, பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன பேச்சு?" என்று அடக்குகிறோம். பத்து வயதில் அடக்கிய வாய் இருபது வயதில் நேர்முகப் பரீட்சையில் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது எப்படி முடியும்? மரியாதையாகப் பேசச் சொல்லிக் கொடுங்கள், ஆனால் பேச விடுங்கள்.

உங்கள் வீட்டில் முடியாமல் கிடக்கும் காரியம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு சான்றிதழோ, ஒரு பெயர்ப் பிழையோ, விடுபட்ட சம்பளமோ, ஒழுகும் கூரையோ, எதுவாகவும் இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து, யார், என்ன, ஆதாரம் என்ன, கேட்பது என்ன என்ற நாலையும் அந்தக் காரியத்துக்கு எழுதிப் பாருங்கள். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தக் கொப்பியோடு புறப்படுங்கள்.